அறுபது எம்.எல்.ஏ.க்கள் மட்டும் போதுமா? பிள்ளைகளோடு ஒரு மாதிரி மாநில அரசு

கேள்வி, 2 ஏப்ரல் 2025

எங்கள் ஊர் நூலகத்தில் மே விடுமுறைக்கு ஐந்து நாள் முகாம் வைக்கிறோம். ஒன்பதிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை தொண்ணூறு பிள்ளைகள் வருவார்கள். ஒரு மாதிரி மாநில அரசு நடத்தலாம் என்று எண்ணம். எல்லோரையும் எம்.எல்.ஏ. ஆக்கி ஒரு சட்டமன்றம் நடத்தினாலே போதும், பேச்சு வரும், மேடைக் கூச்சம் போகும் என்று நான் நினைக்கிறேன். நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 3 ஏப்ரல் 2025

போதாது. முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். எழுபது பிள்ளைகள், எழுபது எம்.எல்.ஏ.க்கள். நன்றாகப் பேசினார்கள், மேசையைத் தட்டினார்கள், வெளிநடப்புகூடச் செய்தார்கள். பதினொரு தீர்மானம் நிறைவேறியது. கடைசி நாள் பாய் சுருட்டும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "டீச்சர், இதையெல்லாம் யார் செய்வாங்க?" என்று கேட்டாள். அந்த அரசாங்கத்தில் செய்வதற்கு ஆளே இல்லை. சமூக அறிவியலை முப்பது வருடம் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்தது. சட்டமன்றமும் அரசாங்கமும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகக்கூடாது.

இப்போது நான் பிரிக்கிற விதம் இது. தொண்ணூறு பேரில் அறுபது பேர்தான் எம்.எல்.ஏ. மீதி முப்பது பேரில் துறைச் செயலாளர்கள், பிரிவு அலுவலர்கள், இரண்டு கலெக்டர், நான்கு தாசில்தார், கணக்குத் தணிக்கை பார்க்க இருவர், பத்திரிகைக்காரர்கள் ஐந்து பேர், ஆளுநர், மூன்று நீதிபதிகள் இருப்பார்கள். அப்புறம் மனுதாரர்கள், குறைந்தது ஆறு பேர். இந்த ஆறு பேரை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

அதே நாள் இரவு

ஒருவர் அமைச்சர் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார். 2003-ல் வந்த அரசமைப்புச் சட்டத்தின் 91-வது திருத்தப்படி மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நம் 234-க்கு அது முதல்வரையும் சேர்த்து 35. அறுபது பேர் அவைக்கு 9. பன்னிரண்டுக்குக் குறையக்கூடாது என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது, ஆனால் அறுபதில் பன்னிரண்டு பேர் அமைச்சர் என்றால் பின்வரிசையில் உட்கார ஆள் குறைந்துபோகும், அதனால் ஒன்பதோடு நிறுத்திக்கொள்வேன். கோரம், அதாவது அவை நடக்க இருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், பத்தில் ஒரு பங்கு அல்லது பத்து பேர், எது அதிகமோ அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பத்துப் பேரைப் பிடித்து உட்காரவைப்பது பெரிய பாடு, அந்தப் பொறுப்பை, கட்சி உறுப்பினர்களை ஒழுங்குபடுத்தும் கொறடாவிடம் கொடுத்துவிடுங்கள்.

5 ஏப்ரல் 2025

மனுவைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன்.

எல்லா மாதிரி சட்டமன்றமும் பதவியேற்பில்தான் ஆரம்பிக்கிறது. மாலை, கைதட்டல், போட்டோ. அதை இரண்டாம் நாளுக்குத் தள்ளிவிடுங்கள். முதல் நாள் காலையில் முதலில் நடக்கவேண்டியது ஒரு பிள்ளை ஒரு மனுவை எழுதுவது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது அல்லவா, அந்த வரிசையைப் பார்க்காத பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. பாட்டியோடு முதியோர் பென்சனுக்குப் போயிருப்பார்கள், அப்பாவோடு பட்டா மாறுதலுக்குப் போயிருப்பார்கள். அரசாங்கம் என்றால் அவர்களுக்கு முதலில் தெரிந்த முகம் அந்த வரிசைதான், கோட்டை இல்லை.

சென்ற வருடம் ஒரு பெண் எழுதிய மனு இது: "எங்கள் நிறுத்தத்தில் மாலை 4.40 டவுன் பஸ் நிற்பதில்லை. நாங்கள் பதினான்கு பேர் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறோம்." இரண்டே வரி. அந்த இரண்டு வரி முகாமில் தாசில்தாரிடம் போனது, அவர் இது என் வேலை இல்லை என்று கலெக்டருக்கு அனுப்பினார், கலெக்டர் போக்குவரத்துத் துறைக்கு அனுப்பினார், துறையில் பிரிவு அலுவலராக இருந்த பையன் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்று மனுதாரருக்கே பதில் எழுதிவிட்டான். அவன் அந்த வாக்கியத்தை எங்கிருந்து பிடித்தான் என்று கேட்டேன். வீட்டில் அப்பா வைத்திருக்கும் கடிதங்களிலிருந்தாம். மனு எழுதிய பெண் அழுதேவிட்டாள், அவள் விளையாட்டுக்கு எழுதவில்லை. அப்புறம்தான் அவளுடைய தொகுதி எம்.எல்.ஏ. அதை அவையில் கேள்வி நேரத்தில் எடுத்தான். அமைச்சருக்குப் பதில் தெரியவில்லை, செயலாளரைத் திரும்பிப் பார்த்தான், செயலாளர் கோப்பைத் தேடினாள். எம்.எல்.ஏ., அமைச்சர், செயலாளர், கோப்பு, மனு எல்லாம் ஒரே நூலில் கட்டியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பிடிபட்டது அந்த ஐந்து நிமிடத்தில்தான். நான் கரும்பலகையில் எத்தனை படம் போட்டும் வராத பாடம் அது.

ஆகவே மனுவிலிருந்து தொடங்குங்கள். கோப்பு என்றால் உண்மையான கோப்பாக இருக்கட்டும், நாடா கட்டியது, ஒரு பக்கம் வந்த கடிதங்கள், இன்னொரு பக்கம் அலுவலர்களின் குறிப்பு. கீழே இருப்பவர் முதலில் எழுத வேண்டும், மேலே போகப் போக ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் அரசாணை. அரசாணையின் முடிவில் "ஆளுநரின் ஆணைப்படி" என்று போட்டுச் செயலாளர் கையெழுத்திடுவதைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்பார்கள்: முடிவெடுத்தது அமைச்சர், கையெழுத்து செயலாளர், பெயர் ஆளுநருடையதா? அப்போது அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 166-ஐ எடுத்துக் காட்டுங்கள். அரசின் நிர்வாகச் செயல்கள் எல்லாம் ஆளுநர் பெயரில்தான் நடக்க வேண்டும் என்கிறது அது. கேள்வி வந்த பிறகு சட்டப் பிரிவைச் சொன்னால் மறக்காது.

6 ஏப்ரல் 2025

பேரவைத் தலைவர் நாற்காலியில் பெரியவர்கள் உட்காரக்கூடாது. நான் உட்கார்ந்த வருடம் பிள்ளைகள் அவையைப் பார்த்துப் பேசவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். நல்ல மார்க் வாங்கப் பார்க்கிற முகங்கள். அடுத்த வருடம் அதிகம் பேசாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்தோம், விதிகளை ராத்திரியே படித்துவிட்டு வந்தாள். ஆளும் கட்சித் தரப்பில் அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைக்கும் வழக்கத்தை விடாமல் செய்யுங்கள். ஒரு குறள் சொல்லி அவையைத் தொடங்குவதையும்.

9 ஏப்ரல் 2025

ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்த வழக்கில் நேற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது போன வருட முகாமில் ஆளுநராக இருந்த பையன்தான்.

நடந்தது இது. அவை ஒரு மசோதாவை நிறைவேற்றி அவனிடம் அனுப்பியது. (கோட்டையில் சட்டமுன்வடிவு என்பார்கள், பிள்ளைகள் மசோதா என்கிறார்கள், இரண்டும் சரிதான்.) அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கையெழுத்தும் இல்லை, திருப்பியும் அனுப்பவில்லை. ஐந்தாம் நாள் முகாமே முடிந்துவிட்டது, மசோதா பையில். பிள்ளைகள் என்னிடம் வந்து "இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டபோது பிரிவு 200-ஐத்தான் வாசித்துக் காட்டினேன். ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். கூடிய விரைவில் திருப்பி அனுப்பலாம், அவை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்தக்கூடாது. "கூடிய விரைவில்னா எத்தனை நாள்?" என்று கேட்டார்கள். அதற்கு அங்கே எண் இல்லை.

2023 நவம்பர் 13-ல் நம் மாநில ஆளுநர் 10 மசோதாக்களைத் திருப்பியதும், 18-ம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு அவற்றை அவை மீண்டும் நிறைவேற்றியதும், பிறகு அந்த மசோதாக்கள் குடியரசுத் தலைவருக்குப் போனதும் நமக்கெல்லாம் தெரியும். நேற்று அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளப்படும் என்று தீர்ப்பு வந்திருக்கிறது, ஆளுநருக்குக் காலக்கெடுவும் வைத்திருக்கிறார்கள். மறுபடி நிறைவேற்றி அனுப்பியதற்கு ஒரு மாதம். முகாமில் ஒரு மாதத்தை ஒரு டீ இடைவேளை என்று கணக்கு வைத்துக்கொள்ளப் போகிறேன். டீ முடிந்தால் மசோதா சட்டம்.

14 ஏப்ரல் 2025

அம்பேத்கர் பிறந்தநாள், விடுமுறை, கொஞ்சம் நிதானமாக எழுத முடிகிறது.

கட்சிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிஜக் கட்சிகளின் பெயரோ சின்னமோ நிறமோ வேண்டாம், முதல் மணிநேரத்திலேயே வீட்டுச் சண்டை உள்ளே வந்துவிடும். பிள்ளைகளே கட்சி ஆரம்பிக்கட்டும். ஆனால் இரண்டு கட்சியோடு நிறுத்தாமல் மூன்றாவதாக ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒரு முகாமில் 26, 21, 13 என்று வந்தது. பெரும்பான்மைக்கு 31 வேண்டும், யாருக்கும் இல்லை. அன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் தூங்கவில்லை.

ஆளுநர் யாரைக் கூப்பிடுவது? மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன் ஒரு வரிசை சொல்லியிருக்கிறது: தேர்தலுக்கு முன்பே சேர்ந்த கூட்டணி, அடுத்து மற்றவர் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி, அடுத்து தேர்தலுக்குப் பின் எல்லோரும் ஆட்சியில் பங்கேற்கும் கூட்டணி, கடைசியாக வெளியிலிருந்து ஆதரவு வாங்கும் கூட்டணி. நம் மாநிலத்திலேயே கதை இருக்கிறது. 1952-ல் சென்னை மாநில அவையில் 375 இடத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. ராஜாஜி அவைக்குத் தேர்தலில் நின்றவர்கூட இல்லை, மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். இதைச் சொன்னதும் ஒரு பையன் எழுந்து அது நியாயமா என்று கேட்டான், இன்னொருத்தி சட்டப்படி சரி என்றாள், அரைமணி நேரம் போனது. நான் குறுக்கே பேசவில்லை. பெரும்பான்மையை ராஜ்பவனில் எண்ணாமல் அவையில் எண்ண வேண்டும் என்று 1994-ல் எஸ்.ஆர். பொம்மை என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மட்டும் முடிவில் சேர்த்தேன்.

கட்சித் தாவல் நடக்கும், நடக்கட்டும். 13 பேர் கட்சியில் நான்கு பேர் சாப்பாட்டு வரிசையில் முதலிடம் தருவதாகச் சொன்னதை நம்பி மாறிப் போனார்கள். கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையைப் பேரவைத் தலைவர் கையில் கொடுத்தேன், நான்கு பேரும் பதவி இழந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் போயிருந்தால் இணைப்பு என்று தப்பியிருக்கலாம், அதாவது ஒன்பது பேர். அந்தக் கணக்கை அவர்கள் தாமதமாகத்தான் போட்டார்கள்.

15 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. பதவி இழந்த நான்கு பேரையும் சும்மா உட்காரவைத்தது என் தவறு. ஒருவன் மறுநாள் வரவே இல்லை. பதவி போனவர்களை உடனே மனுதாரராகவோ பத்திரிகைக்காரராகவோ மாற்றிவிடுங்கள்.

22 ஏப்ரல் 2025

பட்ஜெட். லட்சம் கோடி என்று பேசினால் பிள்ளைகளுக்கு எதுவும் கையில் படாது. நூறு புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிதியமைச்சர் முன்னால் கொட்டி, அவர் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் ஐம்பத்தைந்தை ஓரமாக ஒதுக்கிவிடுங்கள்: சம்பளம், ஓய்வூதியம், பழைய கடனுக்கு வட்டி. மாநிலத்தின் வருவாயில் பாதிக்கு மேல் இந்த மூன்றுக்கே போய்விடுகிறது என்பதை அந்தக் குவியல் சொல்லிவிடும். மீதி நாற்பத்தைந்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு, பஸ், உரம், ரேஷன்.

போதவில்லை என்பார்கள். வருமானத்தைக் கூட்டுங்கள் என்று சொல்லுங்கள். எதற்கு வரி போடலாம் என்று தேடும்போதுதான் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தனியாக விகிதம் வைக்க முடிகிற பொருட்கள் எவ்வளவு குறைவு என்று தெரியும். பெட்ரோல், டீசல், மது, அப்புறம் வண்டி வரி, பத்திரப் பதிவு. போன வருடம் ஒரு முதல்வர் மதுவிலக்கு அறிவித்தாள், அவை எழுந்து கைதட்டியது. நிதிச் செயலாளராக இருந்த பையன் எழுந்து வந்து குவியலிலிருந்து மது வருமானத்துக்கான கொட்டைகளை எடுத்துக்கொண்டு போனான். அவள் அவனை நிறுத்தி, எந்தத் துறையில் குறைக்கலாம் என்று எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து கணக்குப் போட்டாள், மதுவிலக்கைக் கைவிடவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கடன் வாங்க விட வேண்டும். காலை ஒரு நிதியாண்டு, மதியம் அடுத்த நிதியாண்டு. காலையில் பத்து கொட்டை கடன் வாங்கியவர்களுக்கு மதியம் ஓரக் குவியல் பெரிதாகும்.

சட்டமன்ற விதி 110 பற்றி ஒரு வார்த்தை. அமைச்சர் அந்த விதியில் அறிக்கை வாசித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது. இதை முதல்வராக இருந்த ஒரு பையன் கண்டுபிடித்து ஒரே காலையில் ஏழு அறிவிப்பு வாசித்தான். நாளைக்கு ஒன்று என்று வரம்பு வையுங்கள்.

1 மே 2025

தனித்தொகுதிகளை எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு நான் ஒரு வாரம் யோசித்தேன். பிள்ளைகளிடம் சாதி கேட்கவே கூடாது, ஜாடையாகக்கூட. நான் செய்வது: ஒவ்வொருவரும் சீட்டெடுத்து ஒரு நிஜத் தொகுதியின் பெயரைப் பெறுவார்கள், சுவரில் பெரிய வரைபடம். அதில் 44 தாழ்த்தப்பட்டோர் தொகுதிகளும் ஏற்காடு, சேந்தமங்கலம் என்ற இரண்டு பழங்குடியினர் தொகுதிகளும் வேறு நிறத்தில். நிறம் ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். தனித்தொகுதிகளுக்கு வழிவகுத்த 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து சொல்லுங்கள். அங்கே ஓட்டுப் போடுவது எல்லோரும், நிற்பது மட்டும்தான் ஒதுக்கீடு என்பது பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023-ல் 106-வது திருத்தம் வந்தாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்துதான் நடைமுறைக்கு வரும். நம் உள்ளாட்சியில் ஏற்கெனவே பாதி. முகாமில் பாதியே வையுங்கள், எதற்குக் காத்திருக்க வேண்டும்?

12 மே 2025, இரவு

எங்கள் முகாம் இன்று தொடங்கியது. இருபத்திரண்டு மனுக்கள். கால் வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.

17 மே 2025

நாளை என்று சொல்லி ஐந்து நாள் ஆகிவிட்டது.

முதலில் ஒரு தடை. 19-ம் தேதி வரும் என்றிருந்த பத்தாம் வகுப்பு முடிவை நேற்றைக்கே வெளியிட்டுவிட்டார்கள், பதினொன்றாம் வகுப்பு முடிவும் அன்றே. கடைசி நாள் அவையில் பாதிப் பேர் மனம் மார்க்கில். பேரவைத் தலைவரே எழுந்து ஒரு மணிநேரம் அவையை ஒத்திவைத்தாள், எல்லோரும் பார்த்துவிட்டு, சிலர் அழுதுவிட்டு, திரும்பி வந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. சரியான முடிவு.

அடுத்தது இந்த வருடத்தின் பெரிய சம்பவம். துறைகளுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் ஒன்பதும் நிறைவேறின. ஆளும் கட்சி சுண்டல் சாப்பிடக் கிளம்பியது. அப்போது எதிர்க்கட்சியில் பின்வரிசைப் பையன் ஒருவன், "நிதி ஒதுக்கச் சட்டம் எங்கே?" என்று கேட்டான். யாரும் கொண்டுவரவில்லை, நானும் கவனிக்கவில்லை. அது இல்லாமல் அரசின் கஜானாவான தொகுப்பு நிதியிலிருந்து ஒரு கொட்டையைக்கூட எடுக்க முடியாது, பிரிவு 204-ம் 266-ம் அதைத்தான் சொல்கின்றன. ஆளும் கட்சி கைகழுவப் போன இடத்திலிருந்து ஓடிவந்தது. மசோதா எழுதி, வாக்கெடுத்து, ஆளுநரிடம் போய்க் கையெழுத்து வாங்க நாற்பது நிமிடம். சுண்டல் ஆறிப்போனது.

இன்னொரு மசோதா பதினெட்டு வயதுக்குக் கீழ் செல்போனுக்குத் தடை. நீதிபதிகள் மூவரும் மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் ஏழாவது அட்டவணையைப் புரட்டி, தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியல், நம் அதிகாரத்தில் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். தடை கேட்ட கட்சிக்குக் கோபம், மற்ற எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பஸ் மனு இந்த வருடமும் வந்தது. அதே நிறுத்தம், அதே 4.40. போன வருடம் அழுத பெண் இந்த முறை பிரிவு அலுவலர். மனுவைத் தள்ளிவிடாமல் எந்தத் தடம், எத்தனை பேர், அடுத்த நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினாள். இரண்டே நாளில் அரசாணை வந்தது. முகாமின் அரசாணைதான், ஆனால் அந்தக் குறிப்பு அசலாகவே நன்றாக இருந்தது. அதையே மனுவாக்கி வரும் திங்கட்கிழமை நிஜக் கலெக்டர் ஆபீசில் கொடுக்கலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

2 ஜூன் 2025

அமெரிக்காவில் இது எண்பது தொண்ணூறு வருடமாக நடக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. முன்னாள் படைவீரர்கள் சங்கமான அமெரிக்கன் லீஜியன் 1935-ல் இல்லினாய்சில் பாய்ஸ் ஸ்டேட் என்று தொடங்கியது, 1937-ல் பெண்களுக்கும் வந்தது. ஒரு வாரம் தங்கி, ஊர், மாவட்டம், மாநிலம் என்று கீழிருந்து அரசு அமைக்கிறார்கள். கீழிருந்து என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆண்களையும் பெண்களையும் பிரிப்பது நமக்கு வேண்டாம்.

மனுதாரர் ஆறு பேர் என்று ஏப்ரலில் எழுதியது போதவில்லை. பத்தாக்குங்கள், எம்.எல்.ஏ.வை ஐம்பத்தாறாகக் குறைத்தாலும் பரவாயில்லை, பெரும்பான்மை அப்போது 29.

23 நவம்பர் 2025

ஏப்ரல் 9-ல் எழுதிய டீ இடைவேளை விதியை மாற்றிக்கொள்ளுங்கள். ஏப்ரல் தீர்ப்புக்குப் பிறகு இது பற்றிக் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 20-ம் தேதி பதில் சொல்லிவிட்டது. ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் கிடையாது. ஆனால் காரணமே சொல்லாமல் நீண்டகாலம் சும்மா வைத்திருந்தால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அடுத்த முகாமில் கடிகாரத்தை எடுத்துவிட்டு, நீதிபதிகளிடம் போகும் வழியைத் திறந்துவைக்கப் போகிறேன். பையில் வைத்துக்கொண்ட பையனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. "அப்போ நான் செஞ்சது தப்பா டீச்சர்?" என்றான். காரணம் எழுதியிருந்தால் பேசலாம், எழுதவில்லையே என்றேன்.

பஸ் மனுவுக்குப் பதில் வந்தது. "பரிசீலனையில் உள்ளது." அந்தப் பெண் அதைப் பார்த்து அழவில்லை. கோப்பு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, அதில் யார் என்ன குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு, அம்மா பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் போட்டிருக்கிறாள். முப்பது நாள் கணக்கைக் காலண்டரில் குறித்து, படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.